மூக்கு வழியும் ஊசி வழியும்

ஐதராபாத் நகரின் தென்கிழக்குப் பக்கத்தில் காஞ்சன்பாக் என்னும் பகுதி அமைந்திருக்கிறது. பொற்சோலை என்று பொருள்படும் பெயர். ஆனால் சோலையைத் தேடி வருவோர் காண்பன நெடிய மதிற்சுவர்களும் காவற்கூடங்களுமே. ராணுவ ஆராய்ச்சிக் கூடங்களும், ஏவுகணைகள் செய்யும் பாரத் டைனமிக்ஸ் தொழிற்சாலையும், அரிய உலோகக் கலவைகளை வார்க்கும் மிதானி ஆலையும் இங்கேதான் இருக்கின்றன. அப்துல் கலாம் அவர்கள் 1982ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்று வந்ததும் இவ்விடத்துக்கே. அவருக்கு முன்னும் பின்னும் உத்தியோகத்தின் பொருட்டு இங்கு வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பல. மாலை நேரங்களில் காய்கறிக் கடை ஓரத்தில் தெலுங்கும் உருதும் கலந்து ஒலிக்கும் இரைச்சலுக்கிடையே திருநெல்வேலித் தமிழும் தஞ்சைத் தமிழும் காதில் விழும்.

2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்தக் கடை ஓரத்தில் ஒரு விவாதம் எழுந்தது. அறுபது வயதைக் கடந்தோருக்குக் கோவிட் தடுப்பூசி போடும் வேலையை மத்திய சர்க்கார் அம்மாதம் முதல் தேதியன்று தொடங்கியிருந்தது. ஊசியை உடனே போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஒரு கட்சி. நகரின் வடபுறத்து ஜீனோம் பள்ளத்தாக்கில் மூக்கில் விடும் சொட்டு மருந்தொன்று சோதனையில் இருக்கிறதாம், அது வரட்டும் என்பது இரண்டாம் கட்சி. நோய் ஏற்கெனவே வந்து போனவர்களுக்கு இயற்கையே காப்பளித்துவிட்டது, ஊசியும் வேண்டா, சொட்டும் வேண்டா என்பது மூன்றாம் கட்சி.

மூன்றாம் கட்சிக்குத் தலைவராக விளங்கியவர் நாம் அண்ணாச்சி என்று அழைக்கும் பெரியவர். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், ஆலைத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். முந்தின ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நான்கு நாள் காய்ச்சலோடு அந்நோய் அவரை விட்டு நீங்கியிருந்தது. “எனக்குத்தான் வந்துட்டுப் போயிட்டுல்லா தம்பி, இனி எதுக்கு ஊசி?” என்பார். அவருடைய மனைவியாரை நாம் மதினி என்போம். ஊரடங்கின்போது மகள் வீட்டிலேயே தங்கிப்போனவராதலின் அவருக்கு நோய் வந்ததில்லை. ஊசி என்றாலே மதினிக்கு அச்சம். “மூக்குல விடுத சொட்டு வருதாமே, அதைப் போட்டுக்கிடுதேன்” என்று புன்னகையோடு சொல்லிவிட்டார். அன்று நாமும் வற்புறுத்தவில்லை. ஒரே வீட்டில் இரண்டு கட்சி என்று வேடிக்கையாகப் பேசிக் கலைந்தோம்.

புதியதாகத் தோன்றிய இந்த விவாதம் உண்மையில் மிகப் பழையது. தடுப்பு மருந்து என்னும் கலை பிறந்த நாளிலேயே மூக்கா, தோலா என்ற வினாவும் உடன்பிறந்துவிட்டது.

சீன தேசத்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே வைசூரிக்கு மாற்று கண்டிருந்தார்கள். இலேசாக நோய் கண்டவரின் அம்மைப் பொருக்குகளை உலர்த்திப் பொடி செய்து, வெள்ளிக் குழாயினால் மூக்கில் ஊதுவார்கள். ஆண் குழந்தைக்கு வலது நாசி, பெண் குழந்தைக்கு இடது நாசி என்பது வழக்கம். நம் நாட்டில், குறிப்பாக வங்காளத்தில், வேறு முறை நிலவியது. ஊர் ஊராகச் செல்லும் அந்தணர்கள் சென்ற ஆண்டின் அம்மைச் சீழைப் பஞ்சில் காத்து வைத்திருந்து, புயத்தில் மெல்லக் கீறி அதன்மேல் வைப்பார்கள். குளிர்ந்த நீரும் பத்திய உணவும் உடன் விதிக்கப்பட்டன. ஹால்வெல் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1767ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியக் கழகத்தாருக்கு இதை விரித்து எழுதினார்.

ஆகவே சீனர் மூக்கை நம்பினர். நம்மவர் தோலை நம்பினர். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த முதல் சோதனை இவ்விரு தேசங்களிலும் அன்றி இலண்டன் சிறைச்சாலையில் நடந்தது. 1721ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நியூகேட் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த கைதிகள் அறுவரின் புயத்திலும் காலிலும் கீறி அம்மைச் சீழ் வைத்தார்கள். பிழைத்தால் விடுதலை என்பது ஒப்பந்தம். ரிச்சர்டு மீட் என்ற வைத்தியர் சீனர் முறையையும் சோதிக்க விரும்பி, இன்னோர் இளம்பெண் கைதியின் மூக்கில் அம்மைப் பொருள் தோய்ந்த பஞ்சை வைத்தார். அறுவரும் எளிதாகத் தேறினர். அப்பெண்ணோ கொடிய தலைவலியாலும் காய்ச்சலாலும் துடித்த பின்னரே தேறினாள். அவளும் விடுதலை அடைந்தாள். ஐரோப்பா அதன் பிறகு மூக்கின் பக்கம் நெடுங்காலம் திரும்பவில்லை. ஒரே ஒரு பெண்ணிடம் கண்டதைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது இக்காலத்து அளவுகோலின்படி முறையன்றாயினும், நாசியின் வழியே செல்லும் பொருள் தலைக்கு மிக அணுக்கமாகச் செல்கிறது என்ற எச்சரிக்கை அதில் இருந்தது.

மூன்றாம் கட்சியின் வாதமும் அதே பழைமை உடையது. 1661ஆம் ஆண்டில் சீனப் பேரரசர் ஷுன்ஷி வைசூரியால் மாண்டபோது, அடுத்து அரியணை ஏறுவதற்கு ஆறு வயதுச் சிறுவனான காங்ஷி தேர்ந்தெடுக்கப்பட்டான். அவன் ஏற்கெனவே வைசூரி கண்டு பிழைத்தவன், இனி அந்நோய் அவனை அணுகாது என்பது அத்தேர்வுக்குக் கூறப்பட்ட பெருங்காரணம். அம்மைத் தழும்பே அங்கு அரசுரிமைக்குச் சான்றாயிற்று. நோய் வந்து போனால் காப்பு உண்டு என்பதை வைத்திய நூல்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே பாட்டிமார் அறிந்திருந்தார்கள். எனினும் அதே காங்ஷி வளர்ந்து பேரரசரான பின் தம் பிள்ளைகளை இயற்கையிடம் விட்டுவிடவில்லை. அவர்களுக்கு அம்மை குத்தச் செய்தார். வைசூரி இயற்கையாக வந்தால் நூற்றுக்கு 30 பேர் வரை மடிவார்கள். குத்திக்கொண்டால் ஒருவரோ இருவரோ மடிவார்கள். அந்தத் தழும்பின் விலை எவ்வளவு என்பதைத் தழும்பு உடையவரே நன்கு உணர்ந்திருந்தார்.

1796இல் ஜென்னர் கண்ட பசு அம்மைப் பால் 1802ஆம் ஆண்டில் பம்பாய்க்கும் பின்னர் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. அம்மையை மாரியம்மனின் வருகையாகக் கொண்டாடிய தமிழகத்தில் அதனை எடுத்துரைப்பது எளிதாக இருக்கவில்லை. திருக்குறளில் ஈடுபாடு கொண்டிருந்த எல்லிஸ் துரை, அம்மைப்பால் வைத்துக்கொள்வது தெய்வத்துக்கு உடன்பாடே என்று மக்களை நம்பச் செய்வதற்காகத் தமிழிலேயே ஒரு கதை இயற்றினார். அக்கதையில் சக்தியும் தன்வந்திரியும் உரையாடுகிறார்கள். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இச்செய்தியில் ஒரு தனிச் சுவை உண்டு. நோக்கம் நல்லதே. ஆயினும் இல்லாத பழைமையை உண்டாக்கி மக்களை இணங்கச் செய்வதைக் காட்டிலும் உள்ளதை உள்ளவாறு சொல்லியிருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. இங்கே ஐதராபாத்திலும் ஆஷாட மாதத்துப் போனாலு விழாவில் பெண்கள் வேப்பிலை செருகிய பானைகளைத் தலையில் சுமந்து போச்சம்மா கோயிலுக்குப் போகும்போது, ஆடிக் கூழ் நினைவு வராத தமிழர் இருக்கமாட்டார். வேறு வேறு மொழியினராயினும் நம் முன்னோர் அனைவரும் அஞ்சியது ஒரே அம்மைக்குத்தான்.

இயற்கை எதிர்ப்புச் சக்தி என்று இப்போது வழங்கும் தொடரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டில் ஓர் அறிவிப்பைத் தமிழாக்கும்போது நாமும் அத்தொடரையே எழுதினோம். எழுதிய பின் மனம் உறுத்தியது. தமிழில் இயற்கை என்ற சொல்லுக்கு ஒரு புனிதம் இருக்கிறது. இயற்கை உணவு, இயற்கை வைத்தியம் என்று நாம் சொல்லும் இடமெல்லாம் நன்மையே குறிக்கப்படுகிறது. நோய்வாய்ப்பட்டு மீண்டதால் கிடைத்த எதிர்ப்பை அச்சொல்லால் அழைக்கும்போது, அது உடலில் தானே ஊறிய நற்பேறு போலத் தோன்றிவிடுகிறது. நோயால் பெற்ற எதிர்ப்பு என்று எழுதியிருந்தால் அதன் விலையும் சேர்ந்து விளங்கியிருக்கும்.

எதிர்ப்பு மெய்யானது என்பதில் ஐயமில்லை. வட அட்லாண்டிக் கடலில் ஃபேரோ தீவுகள் என்று ஒரு தீவுக் கூட்டம் உண்டு. அங்கே 1781ஆம் ஆண்டில் தட்டம்மை வந்தது. பிறகு 65 ஆண்டுகள் எட்டிப் பார்க்கவில்லை. 1846இல் மீண்டும் வந்தபோது ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த தீவுகளில் 6,000 பேர் வரை படுத்துவிட்டார்கள். ஆராய வந்த பீட்டர் பானும் என்ற இளம் வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். 1781இல் தட்டம்மை கண்டிருந்த முதியவர்களில் ஒருவரைக் கூட இம்முறை நோய் தீண்டவில்லை. ஒருமுறை வந்தால் ஆயுள் முழுதும் காப்பு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஆனால் தட்டம்மையின் கிருமி தன் உருவை எளிதில் மாற்றிக்கொள்ளாதது. சளிக்காய்ச்சலின் கிருமிகளோ மாறிக்கொண்டே இருப்பவை. அவற்றால் பெற்ற காப்பு சில மாதங்களில் தளரத் தொடங்கும். எந்த நோய் என்று சொல்லாமல் இயற்கை எதிர்ப்புப் போதுமா என்று கேட்பது, எந்த ஊர் என்று சொல்லாமல் வழிச்செலவு எவ்வளவு என்று கேட்பது போன்றதுதான்.

தமிழ்நாட்டிலேயே இவ்வினா ஒருமுறை நாடறிந்த விவாதமாக எழுந்தது. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசி மருந்தைத் தயாரிக்கும் கூடம் 1948இல் சென்னைக் கிண்டியில் நிறுவப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் நாடு முழுதும் கோடிக்கணக்கான சிறுவர்களுக்கு அந்த ஊசி போடப்பட்டது. ராஜாஜி அவர்கள் இதனை வன்மையாக எதிர்த்து 1955இல் ஒரு நூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை, அது வலுக் குறைந்ததாயினும், நோயற்ற குழந்தைகளின் உடலில் மொத்தமாகச் செலுத்துவது தகுமா என்பதே அவருடைய வினா. பொது சுகாதாரத் துறையினர் அவரைப் பிற்போக்காளர் என்றனர். அவரை ஆதரித்தவர்கள் சர்க்காரை மக்களை வைத்துச் சோதனை செய்வோர் என்றனர். இரு திறத்தாரும் உரக்கப் பேசினார்களே அன்றி, இந்த ஊசி நம் மண்ணில் எவ்வளவு காக்கிறது என்னும் கணக்கு எவர் கையிலும் இல்லை.

அந்தக் கணக்கைப் போட முன்வந்தது செங்கற்பட்டு மாவட்டம். 1968ஆம் ஆண்டில் தொடங்கி, அம்மாவட்டத்துச் சிற்றூர்களிலும் நகரங்களிலும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினரும் உலக சுகாதார நிறுவனத்தினரும் சோதனையில் சேர்த்தனர். சிலருக்கு மெய்யான மருந்து, சிலருக்கு மருந்தில்லாத நீர். யாருக்கு எது என்பது போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. உலகிலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை இது. 1979இல் முதல் முடிவு வெளிவந்தபோது வைத்திய உலகம் திகைத்தது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தைத் தடுப்பதில் ஊசியால் யாதொரு பயனும் காணப்படவில்லை. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பின்னரும் அம்முடிவே நிலைத்தது.

அப்படியானால் ராஜாஜி வென்றார் என்று சொல்லலாமா? நாம் அவ்வாறு கருதவில்லை. ஊசியால் தீங்கு நேரும் என்று அவர் அஞ்சினார். சோதனை காட்டியதோ பயன் குறைவு என்பதை. மேலும் கைக்குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசத்தை அதே ஊசி தடுக்கிறது என்பது பிற ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டிருக்கிறது. அதனாற்றான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அது போடப்படுகிறது. ஆயினும் கணக்குக் காட்டுங்கள் என்று கேட்டதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. இத்தோல்விக்கு விஞ்ஞானிகள் சொன்ன விளக்கங்களுள் ஒன்று நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. நம் மண்ணிலும் நீரிலும் காசக் கிருமியின் உறவுக் கிருமிகள் பல வாழ்கின்றன. வெறுங்காலோடு நடந்து, குளத்து நீரைக் குடித்து வளர்ந்தவர் உடலில் அவற்றால் ஓரளவு எதிர்ப்பு முன்னமே தோன்றியிருக்க, அதன் மேல் ஊசி கூட்டிக் கொடுக்க மிச்சம் ஏதும் இல்லாமல் போயிருக்கலாம் என்பதே அது. ஏற்கெனவே உள்ள எதிர்ப்பும் புதிதாகக் கொடுக்கும் மருந்தும் ஒன்றையொன்று அறியாத அயலார் அல்ல.

வாயா, ஊசியா என்ற வழக்கு இளம்பிள்ளை வாதத்தைப் பற்றி எழுந்தது. 1955இல் சால்க் என்பவரின் ஊசி வந்தது; சில ஆண்டுகளில் சேபின் என்பவரின் சொட்டு மருந்து வந்தது. இவ்விரண்டின் வேற்றுமையை அறிந்தால் மூக்கு மருந்தின் கதை எளிதில் விளங்கும். ஊசி மருந்து இரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. கிருமி குடலில் நுழைந்தாலும் நரம்பை எட்டுமுன் இரத்தத்தில் மடக்கப்படுகிறது. குழந்தையின் கால் பிழைக்கிறது. ஆனால் குடலில் கிருமி பெருகி, மலத்தோடு வெளியேறி, அடுத்த வீட்டுக் குழந்தையைச் சேர்வதை அது போதிய அளவு தடுப்பதில்லை. சொட்டு மருந்தோ குடலின் உட்சவ்விலேயே காவலை நிறுத்துகிறது. ஒன்று வீட்டுக்காரனைக் காக்கிறது. மற்றொன்று தெருவாசலை அடைக்கிறது.

இந்தியா சொட்டு மருந்தைத் தேர்ந்தது. விலை குறைவு; ஊசியும் பயிற்சி பெற்ற கையும் வேண்டா. ஆனால் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் ஜேக்கப் ஜான் 1970களிலேயே ஒரு குறையைக் கண்டு சொன்னார். மேல்நாடுகளில் மூன்று தவணையில் கிடைத்த பலன் வேலூர்க் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. மேலும் உயிருள்ள கிருமியாதலின் சொட்டு மருந்தே மிக அரிதாக வாதத்தை உண்டாக்குவதும் உண்டு. ஊசி மருந்தையும் சேர்க்க வேண்டும் என்று அவர் பல்லாண்டுகள் வாதாடினார். மீண்டும் மீண்டும் தவணைகள் கொடுத்து, 2011ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் அவுராவில் கண்ட ஒரு குழந்தையோடு நாட்டில் அந்நோய் முடிவுற்றது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது.

2014இல் வேலூரிலிருந்தே ஓர் ஆராய்ச்சி முடிவு வெளிவந்தது. ஏற்கெனவே பல தவணை சொட்டு மருந்து பெற்றிருந்த 1 முதல் 4 வயது வரையுள்ள 450 குழந்தைகளில், ஒரு பகுதியினருக்கு ஓர் ஊசி போட்டுப் பார்த்தார்கள். குடலின் காவல் உயர்ந்தது. புயத்தில் போட்ட ஊசி குடலில் வேலை செய்தது! முன்பே சொட்டு மருந்தினால் பழக்கப்பட்டிருந்த குடலை ஊசி தட்டி எழுப்பியது என்க. எந்த வாயில் உயர்ந்தது என்று அரை நூற்றாண்டு வழக்காடியதன் முடிவில், ஒரு வாயிலில் கற்றதை மற்றொரு வாயிலில் நினைவூட்டலாம் என்பது தெரியவந்தது. 2015 நவம்பரில் நாட்டின் அட்டவணையில் ஊசி மருந்தும் சேர்ந்தது.

இதற்கும் ஐதராபாத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2016 மே மாதம் இந்நகரின் சாக்கடை நீரில், சொட்டு மருந்தில் இருந்த கிருமியே உருமாறிய ஒருவகை வைரஸ் காணப்பட்டது. எந்தக் குழந்தையும் பாதிக்கப்படவில்லை. எனினும் ஜூன் மாதத்தில் ஒரு வார காலத்துக்குள் ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகளுக்கு ஊசி போடப்பட்டது. மருந்து அருமையாக இருந்தமையால் முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கைத் தோலுக்குள் மட்டும் செலுத்தினார்கள். தோலைக் கீறிய வங்காளத்து அந்தணர் கண்டிருந்தால் தலையசைத்திருப்பார்.

இனி மூக்குக்கு வருவோம். கோவிட் கிருமி நாசியின் வழியே வருகிறது. புயத்தில் போடும் ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருளை நிரப்புகிறது. அது நுரையீரலை நன்கு காக்கும், உயிரைக் காக்கும். ஆனால் நாசியின் ஈரச் சவ்வுக்கு வந்து சேர்வது சிறு பங்கே. அச்சவ்வுக்கென்று தனிவகை எதிர்ப்பொருள் உண்டு. அதனை எழுப்ப வேண்டுமானால் மருந்தை அங்கேயே கொண்டுபோய் வைப்பது நேரான வழி என்பது மூக்கு மருந்துக்காரர் வாதம். கோட்டைக்குள் படையை நிறுத்துவதினும் வாசலில் காவல் வைப்பது மேல் அல்லவா என்பார்கள். வாதம் அழகியது.

ஆனால் மூக்கு எளிய வாசலன்று. வந்ததை வெளியே தள்ளுவதே அதன் தொழில். விட்ட மருந்து சளியோடு வழிந்துவிடலாம், தும்மலில் போய்விடலாம். முன்பே எதிர்ப்பு உள்ளவரின் மூக்கில் உயிருள்ள மருந்துக் கிருமி வேரூன்றுமுன் அடிபட்டுப் போவதும் உண்டு. இன்புளுயன்சாக் காய்ச்சலுக்கு 2003இல் அமெரிக்காவில் ஒரு மூக்கு மருந்து அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு அது ஊசியை விஞ்சுவதாகப் புகழ்ந்தார்கள். பின்னர் கணக்குப் பார்த்தபோது பயன் மிகவும் தாழ்ந்திருக்கவே, 2016இல் தொடங்கி இரண்டு பருவங்களுக்கு அதனைப் பரிந்துரைக்க வேண்டா என்று அந்நாட்டு வல்லுநர் குழு விலக்கியது. 2018இல் திரும்பச் சேர்த்தது. அதே மருந்தை 2013 முதல் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த பிரிட்டன் நிறுத்தவேயில்லை. அங்கே பயன் தெரிந்தது. சுவிட்சர்லாந்தில் 2000ஆம் ஆண்டில் வந்த இன்னொரு மூக்கு மருந்தைப் போட்டுக்கொண்டோரில் சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அது திரும்பப் பெறப்பட்டது. மீட் வைத்தியரின் கைதிப் பெண்ணை இங்கே நினைத்துக்கொள்வதில் தவறில்லை. நம் நாட்டிலும் 2010இல் பன்றிக் காய்ச்சலுக்கு எதிராகப் பூனாவின் சீரம் நிறுவனம் மூக்கு மருந்து வெளியிட்டது என்பது பலருக்கும் மறந்துபோயிற்று.

காஞ்சன்பாக் கடை ஓரத்து விவாதம் நடந்த அதே மார்ச் மாதத் தொடக்கத்தில், ஐதராபாத்தின் இரு ஆராய்ச்சி நிலையங்களும் பாரத் பயோடெக் நிறுவனமும் சேர்ந்து எடுத்த கணிப்பு ஒன்று வெளிவந்தது. நகர மக்களில் நூற்றுக்கு 54 பேர் உடலில் கோவிட் எதிர்ப்பொருள் இருந்தது. பெரும்பாலோர் தமக்கு நோய் வந்ததையே அறியார். பத்திரிகைகள் இதை நற்செய்தியாக வெளியிட்டன. பாதிக்கு மேல் காப்புப் பெற்றாயிற்று, இனி அலை எழாது என்று அண்ணாச்சியும் பத்திரிகையைக் காட்டினார். ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்தது. கணிப்பில் பிழையில்லை, அதிலிருந்து நாம் கொண்ட கருத்தில்தான் பிழை. ஐம்பத்து நால்வரைக் கணக்கிட்ட நாம் எஞ்சிய நாற்பத்தறுவரை மறந்தோம். கிருமியும் இதற்குள் வேற்றுரு எடுத்திருந்தது.

மே மாத முதல் வாரத்தில் அண்ணாச்சிக்கு ஒரு நாள் உடம்பு வெதுவெதுப்பு, மறுநாள் சரியாகிவிட்டது. முந்தின நோய் அளித்த காப்பு அவரைக் கைவிடவில்லை என்றே சொல்ல வேண்டும். நான்கு நாட்கள் கழித்து மதினிக்குக் காய்ச்சல் கண்டது. வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தவர் அவர்தாமா, பால்காரரா, கடையா என்று எவராலும் அறுதியிட இயலாது. பிராணவாயுவுக்காக நகரெங்கும் மக்கள் அலைந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு மருத்துவமனையில் இடம் கிடைப்பதற்கு இரண்டு இரவுகள் ஆயின. ஒன்பதாம் நாள் மதினி காலமானார். மகளால் வர முடியவில்லை. நோய் வந்து மீண்டவர்கள் மூன்று மாதம் கழித்து ஊசி போட்டுக்கொண்டால் போதும் என்று மத்திய சர்க்கார் அறிவித்த செய்தி அம்மாதமே வந்தது. நோயால் பெற்ற எதிர்ப்பைச் சர்க்காரும் ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம். அண்ணாச்சியின் வாதம் அவர் அளவில் முற்றும் தவறன்று. அவருடைய எதிர்ப்பு அவருக்கு மட்டுமே உரியது என்பதைத்தான் நாம் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மதினி எதிர்பார்த்த சொட்டு மருந்து பிறகு வந்தது. அதனை ஆக்கிய பாரத் பயோடெக் நிறுவனத்தைத் தொடங்கிய டாக்டர் கிருஷ்ணா எல்லா திருத்தணிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். மருந்தின் அடிப்படை முறை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. மனிதக் குரங்கின் சளிக் கிருமியொன்றைப் பெருகாதபடி செய்து, அதில் கோவிட் கிருமியின் ஒரு கூற்றை ஏற்றியிருந்தார்கள். 2022 செப்டம்பர் 6ஆம் நாள் நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அதற்கு அனுமதி வழங்கினார். வாயால் உறிஞ்சும் மருந்தொன்றுக்குச் சீனா அனுமதி அளித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. 2023 ஜனவரி 26ஆம் நாள், குடியரசு தினத்தன்று, இன்கோவாக் என்ற பெயரில் அது தில்லியில் வெளியிடப்பட்டது. தனியார் மருத்துவமனைக்கு விலை 800 ரூபாய். சர்க்காருக்கு 325 ரூபாய்.

அனுமதிக்கு ஆதாரமாக இருந்த சோதனையில் ஏறத்தாழ 3,100 பேர், 14 இடங்களில், பங்குகொண்டனர். அவர்கள் உடலில் எழுந்த எதிர்ப்பொருளின் அளவு ஊசி போட்டவர்களின் அளவோடு ஒப்பிடப்பட்டது, பாதுகாப்பும் பார்க்கப்பட்டது. மருந்து போட்டுக்கொண்டவர் மூக்கிலிருந்து கிருமி பிறருக்குப் பரவுவது எவ்வளவு குறைந்தது என்பது அதில் அளக்கப்படவில்லை. வாசலை அடைக்கும் என்பதுதானே மூக்கு மருந்தின் தனிப்பெருமை? அந்தப் பெருமைக்கு உரிய கணக்குக் காட்டப்படாமலே கொடி ஏற்றப்பட்டது. ஆக்ஸ்போர்டில் நடந்த இன்னொரு மூக்கு மருந்துச் சோதனை 2022 அக்டோபரிலேயே பலன் குன்றிப் போனதாக அறிவித்திருந்தது. மருந்து பயனற்றது என்று நாம் கூறவில்லை. ஊசியை எதிர்த்தவர்களிடம் கணக்குக் கேட்கும் நாம், நமக்கு உவப்பான சொட்டு மருந்திடமும் அதையே கேட்க வேண்டும் என்கிறோம். செங்கற்பட்டிலும் வேலூரிலும் கேட்டார்கள்.

அதற்குள் காலமும் மாறியிருந்தது. பெரும்பாலோர் இரண்டு ஊசி போட்டு முடித்திருந்தனர். 2022 தொடக்கத்தின் ஓமிக்ரான் அலையில் எண்ணற்றோருக்கு நோயும் வந்து போயிருந்தது. ஊசியும் நோயும் சேர்ந்து தந்த காப்பு ஒவ்வொன்றும் தனித்துத் தந்ததினும் வலிதாக இருந்தது. சொட்டு மருந்தை நாடி வந்தோர் மிகச் சிலரே.

அச்சிலரில் ஒருவர் அண்ணாச்சி. மதினி மறைந்த பின் இரண்டு ஊசியும் தவறாமல் போட்டுக்கொண்டவர், 2023 பிப்ரவரியில் ஒரு நாள் நம்மைத் துணைக்கு அழைத்தார். ஒரு நாசிக்கு நான்கு சொட்டாக எட்டுச் சொட்டு விட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தலையைச் சாய்த்தபடியே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தவர், “இம்புட்டுதானா தம்பி?” என்று கேட்டார். ஆம் என்றோம். இரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து காஞ்சன்பாக்குக்கு ஆட்டோ பிடித்தோம்.